மன்னார்க் காஸ் வந்தால் கரண்ட் பில் குறையுமா? மின் நிலையங்களை நிறையக் கட்டினால் யாருக்கு லாபம்?

கனகராயன் (2025 ஜூன் 21, இரவு 9.14)

வணக்கம் உறவுகளே.

இந்த மாதம் கரண்ட் விலையை 15 வீதம் கூட்டிவிட்டார்கள். ஜனவரியில் 20 வீதம் குறைத்தபோது ஆலையில் வேலை செய்கிற பொடியன்களுக்கு ரோல்ஸ் வாங்கிக் கொடுத்தேன். அந்தச் சந்தோஷம் ஆறு மாதம்கூட நிற்கவில்லை.

எனக்கு ஏ-9 வீதியோரம் ஒரு சின்ன அரிசி ஆலை. நேற்றுச் சந்தையில் ஒருவர் அடித்துச் சொன்னார்: "மன்னார்க் கடலுக்குள் காஸ் கிடக்கிறது. அதை எடுத்து, போட்டி போட்டு நிறைய நிலையங்களைக் கட்டட்டும். விலை தன்பாட்டில் விழும்." கேட்க நல்லாத்தான் இருந்தது. வீட்டுக்கு வந்து படுத்தால் எங்கள் ஊர் நெல் வெட்டு மெசின்கள்தான் ஞாபகத்துக்கு வந்தன. ஊரில் நாலு மெசின் நின்ற காலத்தில் கூலி இருந்தது. இருபது வந்த பிறகு என்ன நடந்தது என்று எல்லாருக்கும் தெரியும்.

வெளிநாட்டில் இந்தத் துறையில் வேலை செய்தவர்கள் இங்கே இருக்கிறீர்கள். காஸில் ஓடுகிற நிலையங்களை அளவுக்கு மிஞ்சிக் கட்டிய நாடு ஏதும் உண்டா? கட்டியவர்களுக்கு என்ன நடந்தது? சனத்துக்குப் பில் குறைந்ததா? தெரிந்தவர்கள் எழுதுங்கள்.


முல்லைக்கரை (ஜூன் 21, இரவு 9.31)

சமையல் காஸ் சிலிண்டரும் மலிவாகுமா? அதைச் சொல்லுங்கள் முதலில்.


வவுனிக்குளத்தான் (ஜூன் 21, இரவு 9.50)

இல்லை அண்ணை, அது வேறு சாமான். சிலிண்டரில் வருவது பெற்றோலிய வாயு, கொஞ்சம் அமுக்கினாலே திரவமாகிவிடும். இயற்கை எரிவாயு என்பது மீதேன். அதைத் திரவமாக்க மைனஸ் 160 பாகைக்குக் குளிராக்க வேண்டும். அதனால்தான் அதற்கென்று தனிக் கப்பல், தனி முனையம், பிறகு குழாய் என்று செலவு நீண்டுகொண்டே போகிறது. கிணறு பக்கத்தில் இருந்தால் குழாயோடு விஷயம் முடியும்.

இன்னொரு குழப்பமும் இருக்கிறது. 'காஸ் டர்பைன்' (சூடான வாயு சுழற்றுகிற மெசின்) என்று எழுதியிருந்தால் அது இயற்கை எரிவாயுவில்தான் ஓடுகிறது என்று அர்த்தமில்லை. கொழும்புக்குப் பக்கத்தில் கெரவலப்பிட்டியில் 2010 முதல் முழுதாக ஓடுகிற 300 மெகாவாட் நிலையம் எரிவாயுவுக்கும் தயாராகக் கட்டப்பட்டது. இத்தனை வருடமாக எரிப்பது எண்ணெய்தான். பக்கத்தில் இப்போது 350 மெகாவாட்டில் இன்னொன்று எழும்பியிருக்கிறது. அதற்கும் திரவ எரிவாயு வந்து சேரவில்லை. வீடு கட்டி, குசினிக்கு அடுப்பும் வாங்கி வைத்தாயிற்று, விறகைத்தான் காணோம்.


பனையோலை (ஜூன் 22, காலை 6.05)

கனகராயன் தம்பி, கேள்வி சரியான இடத்தில் விழுந்திருக்கிறது. அளவுக்கு மிஞ்சிக் கட்டிய நாடு அமெரிக்கா. அந்தக் கூத்தின் நடுவில் நானும் நின்றேன். கொஞ்சம் நீளமாக எழுதப்போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

தொண்ணூறுகளில் அங்கே எரிவாயு மலிவு. பத்து லட்சம் பிரித்தானிய வெப்ப அலகு, அதுதான் அவர்களின் அளவை, ஏறத்தாழ 2 டொலருக்குப் போனது. அதே நேரத்தில் கம்பைண்ட் சைக்கிள் என்ற தொழில்நுட்பமும் முதிர்ந்துவிட்டது. முதலில் காஸ் டர்பைனை ஓட்டு, அது வெளியே விடுகிற சூட்டை வீணாக்காமல் நீராவி எடு, அந்த நீராவியால் இரண்டாவது டர்பைனை ஓட்டு. எரிபொருளின் சக்தியில் பாதிக்கு மேல் கரண்டாகும். பழைய நிலக்கரி நிலையத்தில் மூன்றில் ஒன்றுதான் தேறும். அனுமதி கையில் இருந்தால் இரண்டு, இரண்டரை வருடத்தில் கட்டி முடிக்கலாம், புகைபோக்கிச் சண்டையும் குறைவு.

மூன்றாவது காரணம் சட்டம். 1992இல் ஒரு சக்திச் சட்டம் வந்தது. 1996இல் மின்கம்பிகளை எல்லாத் தனியாருக்கும் திறந்துவிடச் சொல்லி மத்திய ஒழுங்காணையம் உத்தரவு போட்டது. யாரும் நிலையம் கட்டலாம், கரண்டைச் சந்தையில் விற்கலாம். வாங்குகிறவருடன் நீண்டகால ஒப்பந்தம் தேவையில்லை, சந்தை விலையை நம்பியே கட்டலாம். வியாபாரி நிலையம் என்றுதான் இவற்றைச் சொல்வார்கள்.

பிறகு 2000ஆம் ஆண்டுக் கோடையில் கலிபோர்னியாவில் கரண்ட் விலை கூரைக்கு மேலே ஏறியது. வோல் ஸ்ட்ரீட்டில் கடன் கொடுக்க வரிசையில் நின்றார்கள். எல்லாக் கொம்பனிகளும் ஒரே கணக்கைப் போட்டன: "தேவை கூடுகிறது, நிலையம் போதாது, நாம் கட்டுவோம்." பக்கத்து வளவுக்காரனும் அதே கணக்கைப் போடுகிறான் என்பது ஒருவருக்கும் உறைக்கவில்லை. இல்லை, உறைத்தது. ஆனால் "நான் முந்திக் கட்டினால் அவன் பயந்து நிறுத்துவான்" என்று ஒவ்வொருவரும் நினைத்தார்கள். டர்பைனுக்கு முற்பணம் கட்டி வரிசையில் இடம் பிடித்து, அந்த இடத்தையே விற்றுக் காசு பார்த்தவர்களும் உண்டு.

2000க்கும் 2005க்கும் இடையில் 2 லட்சம் மெகாவாட் அளவுக்கு எரிவாயு நிலையங்கள் எழும்பின. எங்கள் இலங்கை முழுவதன் உச்சத் தேவை 3,000 மெகாவாட்டைத் தொடவில்லை. அதைப்போல எழுபது மடங்கு என்று வையுங்கள்.

நான் 2001இல் டெக்சாஸில் அப்படி ஒரு நிலையத்தில் கருவிப் பராமரிப்பு வேலைக்குச் சேர்ந்தேன். பெயர் வேண்டாம். தரையில் சோறு போட்டுச் சாப்பிடலாம், அவ்வளவு புதுசு. முதல் வருடமே விளங்கிவிட்டது. இரவு பகல் ஓடுவதற்கென்று கட்டிய மெசினைக் காலையில் எழுப்பி இரவில் படுக்கவைத்தோம். பிறகு பின்னேரம் நாலு மணித்தியாலம் மட்டும். பிறகு கிழமையில் இரண்டு நாள். கல்லுப்போன்ற இரும்புதான், ஆனால் சூடாகிச் சூடாறினால் அதற்கும் ஆயுள் குறையும். கட்டுப்பாட்டறையில் இருந்து சீட்டு விளையாடினோம் என்றால் நம்புவீர்களா? சம்பளம் மட்டும் ஒழுங்காக வந்தது, 2003 வரைக்கும்.


கனகராயன் (ஜூன் 22, காலை 8.20)

நன்றி பனையோலை அண்ணை. ஒன்று விளங்கவில்லை. நிலையம் கூடினால் கரண்ட் விலை விழும், அது சரி. ஆனால் காஸ் 2 டொலர்தானே? அந்த விலைக்கு ஓடினாலும் கொஞ்சம் மிஞ்சுமே?


பனையோலை (ஜூன் 22, மாலை 5.40)

உங்கள் ஆலையை வைத்தே பார்ப்போம். உங்களுக்கு லாபம் அரிசி விலையிலா இருக்கிறது? நெல் விலைக்கும் அரிசி விலைக்கும் நடுவில் இருக்கிற இடைவெளியில்தானே. அரிசி ஏறினாலும் நெல் அதைவிட ஏறினால் ஆலையைப் பூட்டிவைப்பதுதான் புத்தி. மின் நிலையமும் அதேதான். எரிவாயு நெல், கரண்ட் அரிசி.

இவ்வளவு பேரும் ஒரே நெல்லைக் குத்தத் தொடங்கினால் நெல் விலை சும்மா இருக்குமா? 2000 டிசம்பரில் அந்த 2 டொலர் எரிவாயு 10 டொலர் வரைக்கும் போனது. இறங்கியது, ஆனால் பழைய விலைக்கு நிலையாகத் திரும்பவில்லை. 2005இல் கத்ரீனா, ரீட்டா என்று இரண்டு புயல் மெக்சிக்கோ வளைகுடாவைப் புரட்டிய பிறகு டிசம்பரில் 15 டொலரையும் தாண்டியது. ஆக ஒரு பக்கம் ஆலை கூடிப்போய் அரிசி விலை அமுங்கியது, மற்றப் பக்கம் நெல் ஏறியது. நடுவில் லீசிங் காசு, அதாவது கடன் தவணை.

என்ரோன் என்ற பெரிய சக்தி வியாபாரக் கொம்பனி 2001 டிசம்பரில் விழுந்தது. அது கணக்குப் புரட்டிய கதை, தனி. ஆனால் அதோடு மின் வியாபாரிகளுக்குக் கடன் கொடுத்தவர்கள் எல்லாரும் பயந்து கையை இழுத்துக்கொண்டார்கள். 2003 மேயில் என்ஆர்ஜி, ஜூலையில் மிரண்ட் என்று மின் கொம்பனிகள் திவால் மனுப் போட்டன. எல்லாரையும்விட ஆசையாக எரிவாயு நிலையங்களைக் கட்டியது கல்பைன். 20 பில்லியன் டொலருக்கு மேல் கடனோடு 2005 டிசம்பரில் அவர்களும் நீதிமன்றப் படி ஏறினார்கள். அந்த வருடம் அமெரிக்காவின் கம்பைண்ட் சைக்கிள் நிலையங்கள் சராசரியாகத் தங்கள் வலுவில் 35 வீதம்தான் ஓடின. உலகத்திலேயே திறமான மெசின்கள் மூன்றில் இரண்டு பங்கு நேரம் தூங்கின.

உங்கள் மற்றக் கேள்வி, சனத்துக்குப் பில் குறைந்ததா என்பது. குறைந்தது என்று அடித்துச் சொல்ல மாட்டேன், எரிவாயு ஏறியதால் அந்த நன்மை அதற்குள்ளேயே போய்விட்டது. ஆனால் கட்டிய செலவுக்கான நட்டம் பெரும்பாலும் பங்குக்காரர் தலையிலும் கடன் கொடுத்தவர் தலையிலும்தான் விழுந்தது. இதை ஞாபகத்தில் வைத்திருங்கள், பிறகு இதற்குத் திரும்பி வருவோம்.


வெட்டுமெசின் (ஜூன் 22, இரவு 8.02)

என் பெயரைப் பார்த்தாலே தெரியும் நான் ஏன் வந்தேன் என்று.

2009க்குப் பிறகு ஏ-9 திறந்ததும் எங்கள் பக்கம் முதலில் வந்தது கோயில் மணியோ பள்ளிக்கூட மணியோ இல்லை, லீசிங்காரரின் மோட்டார் சைக்கிள். வெட்டு மெசின் எடுங்கள், அருவி வெட்ட ஆள் இல்லை, இரண்டு போகத்தில் கடன் தீரும் என்றார்கள். பொய்யில்லை. ஆள் இல்லாமல்தான் இருந்தது. முதல் எடுத்தவர் இரண்டு போகத்தில் வீட்டுக்கு மாபிள் போட்டார். அதைப் பார்த்து மற்றவர், அதைப் பார்த்து நான்.

நாங்கள் கணக்கில் விட்ட ஒன்று: வன்னியில் காலபோகம்தான் முழுப் போகம். சிறுபோகத்துக்கு இரணைமடுக் குளத்தில் எவ்வளவு தண்ணீர் என்று கூட்டம் போட்டுத்தான் எத்தனை ஏக்கர் என்று சொல்வார்கள். ஆக மெசின் வருடத்தில் ஒன்றரை, இரண்டு மாதம் ஓடும். லீசிங் பன்னிரண்டு மாதமும் ஓடும். இன்னொன்றையும் விட்டோம். அறுவடை தொடங்கினால் பொலநறுவையிலிருந்தும் அம்பாறையிலிருந்தும் லொறியில் மெசின் ஏற்றி வருவார்கள். அவர்களுக்கு அங்கே கடன் கொஞ்சம் தீர்ந்திருக்கும், டீசல் காசுக்கு மேல் கிடைத்தால் போதும் என்று வெட்டுவார்கள். நானும் அதே விலைக்கு இறங்கினேன். வேறென்ன செய்வது? நிறுத்திவைத்தால் டீசல் மிச்சம், தவணைக்கு ஒன்றுமில்லை. ஓடினால் தவணைக்குக் கொஞ்சமாவது வரும்.

பனையோலை அண்ணை சொல்கிற வியாபாரி நிலையம் இதுதானே? கூலி விழ விழ எல்லாரும் இன்னும் கூட ஓடுவோம், கூலி இன்னும் விழும்.

என் மெசினைச் சீஸ் பண்ணிக் கொண்டுபோனார்கள். கொம்பனி பெயர் எழுதவில்லை, எல்லாம் ஒரே குட்டையில் ஊறியதுகள்தான். ஆனால் கேளுங்கள் பகிடியை. அதே மொடல் மெசின் ஒன்றை, இன்னொருவரிடம் பறித்ததை, நாலு வருடம் கழித்துப் பாதிக்கும் குறைந்த விலைக்கு ஏலத்தில் எடுத்தேன். இப்போது அதே கூலிக்கு வெட்டி நிம்மதியாக இருக்கிறேன். மெசினில் ஒரு பிழையும் இருக்கவில்லை. முதல் விலைதான் பிழை.


பனையோலை (ஜூன் 22, இரவு 9.15)

வெட்டுமெசின், நான் ஒரு பக்கம் எழுதியதை நீங்கள் நாலு வரியில் முடித்துவிட்டீர்கள். அங்கேயும் நடந்தது இதுதான். திவாலான நிலையங்களை ஒருவரும் உடைக்கவில்லை, கைதான் மாறின. மலிவாக வாங்கியவன் காத்திருந்தான். பாறையைப் பிளந்து எரிவாயு எடுக்கிற வேலை பரவியதும் 2012 ஏப்ரலில் விலை 2 டொலருக்கும் கீழே இறங்கியது. 2005இல் 35 வீதம் ஓடிய நிலையங்கள் 2015இல் 56 வீதம் ஓடின. அதற்கடுத்த வருடம் நிலக்கரியைவிட எரிவாயுவில் கூடக் கரண்ட் எடுத்தார்கள். அன்று 'மிகை' என்று திட்டியவை இல்லாவிட்டால் அவ்வளவு சீக்கிரம் அது நடந்திருக்காது.

கல்பைன் 2008 தொடக்கத்தில் நீதிமன்றத்தை விட்டு வெளியே வந்தது. இந்த வருடம் ஜனவரியில் கொன்ஸ்ரலேஷன் என்ற மின் கொம்பனி அதை வாங்குவதாக அறிவித்த விலை, கடனையும் சேர்த்து, 26.6 பில்லியன் டொலர்.


புதுக்குடியிருப்பு ரீச்சர் (ஜூன் 23, மாலை 4.30)

தம்பிமார் எல்லாரும் கூடிப்போனால் என்ன ஆகும் என்று கவலைப்படுகிறீர்கள். எனக்குச் சிரிப்பாக இருக்கிறது.

1990 முதல் 2009 வரை வன்னியில் கம்பியில் கரண்ட் இல்லை. நான் படிப்பித்த பிள்ளைகள் ஜாம் போத்தல் லாம்பில் படித்து ஏஎல் எழுதினார்கள். மண்ணெண்ணெய்க்குத் தடை. ஒரு போத்தல் வாங்கினால் திரியைக் கீழே இறக்கி, இறக்கி, எழுத்துத் தெரிகிற அளவுக்கு மட்டும் எரிப்போம். சைக்கிளைக் கவிழ்த்து வைத்து டைனமோவைச் சுற்றி ரேடியோ கேட்டோம். அந்தச் சனத்திடம் வந்து மிகை மின்சாரம் பிரச்சினை என்றால் யார் கேட்பார்கள்? 2022இல் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வெட்டினார்களே, அப்போது கொழும்பு அழுதது. எங்களுக்கு அது பழைய சிநேகிதரைக் கண்ட மாதிரி.

கூடக் கட்டட்டும். இருட்டில் இருப்பதைவிட அது மேல்.


வவுனிக்குளத்தான் (ஜூன் 23, இரவு 7.45)

ரீச்சர் எழுதியது: "2022இல் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வெட்டினார்களே"

ரீச்சர், கோபிக்காதீர்கள், அந்த உதாரணம் உங்களுக்கு எதிராகத்தான் போகிறது. 2022இல் நிலையம் இல்லாமலா இருட்டானது? கெரவலப்பிட்டி நின்றது, களனிதிஸ்ஸ நின்றது, டீசல் நிலையங்கள் நின்றன. எரிபொருள் வாங்க டொலர் இல்லை, நீர்த்தேக்கங்களிலும் தண்ணீர் குறைவு. இன்னும் ஆயிரம் மெகாவாட் கட்டி வைத்திருந்தாலும் அதே 13 மணித்தியாலம்தான் வெட்டியிருப்பார்கள். கட்டின கடன்தான் கூட இருந்திருக்கும்.

இப்போது எங்களுக்கு இருக்கிறது வேறு விதமான மிகை. இந்த ஏப்ரல் புதுவருட விடுமுறையில் கூரைச் சூரியப் பலகைகளைப் பகலில் நிறுத்தி வைக்கச் சொல்லி மின்சார சபை கேட்டது. தொழிற்சாலைகள் பூட்டு, வெயில் கொளுத்துகிறது, கரண்டைக் குடிக்க ஆளில்லை. பெப்ரவரி 9 ஞாயிற்றுக்கிழமை பாணந்துறையில் குரங்கு பாய்ந்து நாடே இருண்டதும் அப்படி ஒரு பகலில்தான். குரங்கைப் பழி சொல்லிச் சிரித்தோம். ஆனால் அந்த நேரம் பலகையிலிருந்து வருகிற கரண்ட் அதிகம், பாரமாகச் சுழல்கிற மெசின்கள் குறைவு. அதனால்தான் கம்பித் தொகுதி தாங்கவில்லை. பகலில் கூடுகிறது, இரவு ஏழு மணிக்குப் போதவில்லை. ஆக 'எத்தனை மெகாவாட்' என்று மட்டும் கேட்டால் பதில் கிடைக்காது. எத்தனை மணிக்கு, எதை எரித்து, யார் காசில் என்றும் கேட்க வேண்டும்.


புதுக்குடியிருப்பு ரீச்சர் (ஜூன் 23, இரவு 8.10)

எரிபொருள் விஷயம் சரி தம்பி. ஒப்புக்கொள்கிறேன். ஆனால் வவுனியாவிலிருந்து கிளிநொச்சிக்குப் பெரிய கம்பி இழுத்தபோதும் "அங்கே யார் எரிக்கப்போகிறார்கள்" என்று கணக்குப் பார்த்திருந்தால் நாங்கள் இன்னும் லாம்போடுதான் இருந்திருப்போம். அதையும் யோசியுங்கள்.


அடையாறு வாசகன் (ஜூன் 24, காலை 10.20)

சென்னையிலிருந்து எழுதுகிறேன், இடையில் நுழைவதற்கு மன்னிக்கவும். உங்கள் மன்றத்தைச் சில மாதங்களாகப் படிக்கிறேன்.

அமெரிக்காவைப் போக வேண்டாம், எங்கள் ஆந்திரக் கரையைப் பாருங்கள். கிருஷ்ணா கோதாவரிப் படுகையில் 2009 ஏப்ரலில் ஆழ்கடல் எரிவாயு வரத் தொடங்கியது. ஏராளமாக வரும் என்று நம்பி நிலையங்கள் கட்டினார்கள். 2010இல் உச்சத்துக்குப் போன உற்பத்தி அப்புறம் சரசரவென்று இறங்கிவிட்டது. நாடாளுமன்ற நிலைக்குழு 2019இல் சொன்ன கணக்குப்படி நாட்டில் எரிவாயு மின் நிலையங்கள் சுமார் 24,900 மெகாவாட், அதில் 14,305 மெகாவாட் எரிவாயு கிடைக்காமல் முடங்கிக் கிடந்தது. கடன் கொடுத்ததில் பொதுத்துறை வங்கிகள் நிறைய. வாராக்கடன் என்றால் கடைசியில் எங்கள் வரிப்பணம்.

என்ரோன் என்றதும் எங்களுக்கு ஞாபகம் வருவது தாபோல். மகாராஷ்டிரக் கரையில் கட்டினார்கள். முதல் பாகம் 1999இல் ஓடியது, எரிவாயு இல்லாமல் நாப்தா என்ற எண்ணெயில். கரண்ட் விலை தாங்காமல் மாநில மின் வாரியம் வாங்குவதை நிறுத்த, 2001இல் நின்றுவிட்டது. எடுத்தாலும் எடுக்காவிட்டாலும் காசு என்று ஒப்பந்தம் போட்டிருந்தார்கள். மன்னாருக்கு ஒப்பந்தம் ஏதாவது வந்தால் அதில் அந்த வரி இருக்கிறதா என்று முதலில் தேடுங்கள்.


மட்டுறுத்துநர் (ஜூன் 24, பகல் 12.00)

திரி நன்றாகப் போகிறது. கட்சி அரசியல் எழுதிய இரண்டு பதிவுகளை நீக்கியிருக்கிறேன். அதற்கு வேறு திரி உண்டு.


பேசாலைக்காரி (ஜூன் 24, மாலை 3.15)

எங்கள் கடலைப் பற்றி எல்லாரும் கதைக்கிறீர்கள், எங்களில் ஒருத்தியாவது எழுத வேண்டாமா.

மன்னாரில் காஸ் என்ற கதை புதிதில்லை. எழுபதுகளின் நடுவில் ரஷ்யர்கள் வந்து பேசாலையிலேயே எண்ணெய்க்கு ஆழக் கிணறு தோண்டினார்கள். அப்பா அதைப் பார்க்கப் பள்ளிக்கூடத்துக்குக் கள்ளமடித்தாராம். ஒன்றும் பெரிதாக வரவில்லை. பிறகு 2011இல் கெய்ர்ன் என்ற கொம்பனி ஆழ்கடலில் தோண்டி இரண்டு இடத்தில் எரிவாயு கண்டது. டொராடோ, பரகுடா என்று பெயர் வைத்தார்கள். பரகுடா என்றால் எங்கள் சீலா மீன்தான், கேட்கச் சந்தோஷமாக இருந்தது. கடலின் ஆழமே 1,300 மீற்றருக்கு மேல், அதற்கும் கீழேதான் கிணறு. 2015இல் அவர்கள் விட்டுவிட்டுப் போய்விட்டார்கள். சீலா இன்னும் கீழேதான் கிடக்கிறது.

காற்றாடி மட்டும் வந்தது. மன்னார்த் தீவில் 30 கோபுரம், 100 மெகாவாட். அடுத்ததாக மன்னாரிலும் பூநகரியிலும் பெரிதாகப் போட இருந்த அதானி இந்தப் பெப்ரவரியில் விலகிவிட்டது. எங்களில் பாதிப் பேருக்கு நிம்மதி, மீதிப் பேருக்கு வேலை போன கவலை. என் வீட்டிலேயே இரண்டு கட்சி.


பனையோலை (ஜூன் 25, காலை 6.30)

பேசாலைத் தங்கச்சி சொன்ன ஆழத்தில்தான் முடிச்சு இருக்கிறது. அவ்வளவு ஆழத்தில் தோண்டுகிறவன் செலவை எடுக்க நிறைய விற்க வேண்டும். எங்கள் நாடோ சின்னச் சந்தை. அப்போது அவன் என்ன கேட்பான்? "நீங்கள் வருடத்துக்கு இவ்வளவு எடுத்தே ஆக வேண்டும், எடுக்காவிட்டாலும் காசு." அதை எரிக்க நிலையம் வேண்டும். நிலையம் கட்டுகிறவனும் கேட்பான்: "ஓடினாலும் நின்றாலும் மாதம் இவ்வளவு." கப்பலில் கொண்டுவந்தாலும் இதே கதைதான், முனையக்காரன் என்று மூன்றாவது ஆளும் சேருவான். மழை பெய்து மகாவலி நிறைந்த வருடத்தில் அந்த எரிவாயுவை என்ன செய்வது? தண்ணீரைக் கடலுக்குத் திறந்துவிட்டு எரிவாயுவை எரிப்பதா?

ஒரு சின்னக் கணக்கு. எரிவாயு 10 டொலர் என்று வைத்தால், நல்ல திறமான நிலையத்தில்கூட ஒரு யூனிட்டுக்கு எரிபொருள் மட்டும் 6 அமெரிக்கச் சதத்துக்கு மேல், எங்கள் காசில் 18, 19 ரூபா. நிலையம் கட்டிய செலவு அதற்கு மேலே. நிலையம் 70 வீதம் ஓடினால் அந்தச் செலவு யூனிட்டுக்கு ஒரு மடங்கு என்றால், 35 வீதம் ஓடினால் இரண்டு மடங்கு. அதனால் சந்தையில் அந்த மனிதர் சொன்ன "நிறையக் கட்டினால் விலை விழும்" என்பது, நட்டம் கட்டியவன் தலையில் விழுகிற நாட்டுக்கு ஓரளவு பொருந்தும். எங்கள் நாட்டில் அப்படி இல்லை. வாங்குகிறது ஒரே ஒரு சபை, ஒப்பந்தம் இருபது வருடம். கூடக் கட்டினால் பில் ஏறும்.

இன்னொன்றும் சொல்கிறேன், நான் இருக்கிற ஒன்ராறியோவில் கட்டாத நிலையத்துக்கே காசு கொடுத்தோம். ஓக்வில், மிசிசாகா இரண்டிலும் எரிவாயு நிலையம் கட்டப்போய், ஊர்ச்சனம் எதிர்த்ததும் 2010, 2011இல் அரசு நிறுத்தியது. ஒப்பந்தத்தை முறித்து வேறிடத்துக்கு மாற்றிய செலவு ஒரு பில்லியன் டொலர் அளவில் வரும் என்று கணக்காய்வாளர் சொன்னார். எங்கள் ஆட்கள் நிறையப் பேர் இருக்கிற இடம், எல்லாரின் பில்லிலும் வரியிலும் அது ஏறியது.


கனகராயன் (ஜூன் 25, இரவு 9.00)

இப்போது கொஞ்சம் வெளிக்கிறது. என் பில்லிலேயே இது இருக்கிறது, நான்தான் கவனிக்கவில்லை. ஆலைக்கு யூனிட் காசு தனி, டிமாண்ட் சார்ஜ் தனி. நெல் இல்லாத மாதத்தில் ஒரே ஒரு நாள் முழு மோட்டாரையும் போட்டால் போதும், அந்த ஒரு நாளின் உச்சத்துக்கு மாதக் காசு வரும். போன ஒக்ரோபரில் அண்ணன் வீட்டுக் கலியாணத்துக்கு நாலு மூட்டை குத்திக் கொடுத்துவிட்டுப் பில்லைப் பார்த்து மனுசி என்னோடு மூன்று நாள் கதைக்கவில்லை. "உனக்காக நாங்கள் வலுவை ஒதுக்கி வைத்திருக்கிறோம், அதற்குக் காசு" என்று சபை என்னிடம் வாங்குகிறது. அதையே நிலையக்காரன் சபையிடம் வாங்குகிறான். சரிதானே?


வவுனிக்குளத்தான் (ஜூன் 25, இரவு 9.25)

மிகச் சரி அண்ணை. அதனால் ஒதுக்கி வைப்பதே பிழை என்று இல்லை, ரீச்சர் சொன்னதிலும் நியாயம் இருக்கிறது. கொஞ்சம் கூட இருக்கத்தான் வேண்டும், நுரைச்சோலை நிலக்கரி நிலையத்தில் ஒரு மெசின் விழுந்தால் 300 மெகாவாட் ஒரே அடியில் போகும். எவ்வளவு கூட என்பதில்தான் சண்டை.

ஒரு எச்சரிக்கையும். இப்போது அமெரிக்காவில் தரவு மையங்களுக்கென்று திரும்பவும் எரிவாயு நிலையங்களுக்கு அலை அடிக்கிறது. டர்பைன் செய்கிறவர்களின் ஓடர் புத்தகம் வருடக்கணக்குக்கு நிரம்பிவிட்டது, விலையும் ஏறிவிட்டது. இந்த நேரத்தில் சின்ன நாடு போய் வரிசையில் நின்றால் ஏறிய விலைக்குத்தான் வாங்கும்.


பனையோலை (ஜூன் 26, காலை 6.10)

2001இலும் ஓடர் புத்தகம் நிரம்பித்தான் இருந்தது. இந்த முறை வேறு என்கிறார்கள். இருக்கலாம். நான் ஓய்வெடுத்துவிட்டேன், சீட்டு விளையாட ஆள் தேடுகிறேன்.


கனகராயன் (ஜூன் 26, இரவு 8.40)

எல்லாருக்கும் நன்றி. சந்தையில் அந்த மனிதரை நாளைக்குப் பிடிக்கிறேன்.

வெட்டுமெசின் அண்ணை, வேறு ஒரு விஷயம். அந்த ஏல மெசினை விற்கிற யோசனை உண்டா? விலையைத் தனிமடலில் போடுங்கள்.


வெட்டுமெசின் (ஜூன் 26, இரவு 9.02)

கல்பைன் கதையை வாசித்த பிறகும் விற்பேனா?


கனகராயன் (ஜூன் 26, இரவு 9.05)

அப்போ காலபோகத்துக்குக் கூலியையாவது குறையுங்கள்.